நேரசூசி வேண்டாம், வேலையைக் குறைப்போம்

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 23. அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக பீடங்களில் ஒன்றில் மூன்றாம் வருடம் படிக்கிறார். கலியாணம் முடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கணவருக்கு டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. காலை ஏழரைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு, ஞாயிறு மட்டும் லீவு. வீட்டில் மூன்றாவது ஆள் மாமி. 2009இல் கணவனை இழந்தவர், 58 வயது, முழங்கால் நோ.

தங்கச்சி 4 மணிக்கு எழும்புகிறார். முற்றம் கூட்டி, கிணற்றில் தண்ணீர் அள்ளி, புட்டோ இடியப்பமோ அவித்து, பகலுக்குச் சோறும் மூன்று கறியும் வைத்து, இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக்கொண்டு 6.40க்கு பஸ்ஸுக்கு வெளிக்கிடுகிறார். திரும்பி வர 5.15 ஆகிறது. பாத்திரம், உடுப்பு, இரவுச் சாப்பாடு எல்லாம் முடிய 9 மணி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் போனில் வீடு ஒழுங்குபடுத்தும் வீடியோக்கள், பிறகு கொப்பி. பதினொன்றரைக்குக் கொப்பிக்கு மேலேயே நித்திரை. போன செமஸ்டரில் இரண்டு பாடம் ரிபீட்.

"மாமி ஒண்டும் சொல்லமாட்டா. ஆனா நான் கூட்டின முத்தத்தைத் திருப்பிக் கூட்டுவா. அதுவே எனக்குப் போதும்" என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார். கேட்பது மூன்று விஷயம். எல்லா வேலையையும் பிழையில்லாமல் செய்ய ஒரு நேரசூசி போட்டுத் தர முடியுமா? சீதனமாக வந்த காப்பை அடகு வைத்து, தவணைக்கு ஒரு வாஷிங் மெஷின் எடுக்கலாமா? இரண்டும் சரிவராவிட்டால் படிப்பை ஒரு வருடம் நிறுத்தலாமா?

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் மணிக்கணக்கோடு எழுதியது நல்லதாகப் போயிற்று. உங்கள் கணக்கையே கூட்டிப் பார்த்தேன். விடிய 2 மணி 40 நிமிடம், பின்னேரம் 3 மணி 45 நிமிடம். ஆக, வீட்டு வேலைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஆறு மணி 25 நிமிடம் போகிறது. விரிவுரை, ஆய்வுகூடம், பஸ் என்று பத்தரை மணித்தியாலத்துக்கு மேல் வெளியே நிற்கிறீர்கள். மிச்சம் 7 மணித்தியாலம். படிப்பும் நித்திரையும் அந்த ஏழுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் இப்போதைய ஏற்பாடு. நீங்கள் படுப்பது நாலரை மணித்தியாலம். உங்கள் வயதுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். பகலில் படித்தது மூளையில் பதிவதும் நித்திரையில்தான் என்பதால், நித்திரையை வெட்டிப் படித்த பாடம் பரீட்சை மண்டபத்தில் வராமல் போனதில் ஆச்சரியம் இல்லை. அந்த ரிபீட்டை வைத்து "எனக்கு மண்டையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அதனால் நேரசூசி போட்டுத் தர மாட்டேன். 24 மணித்தியாலத்துக்குள் அடங்காத வேலையை எந்த நேரசூசியாலும் அடக்க முடியாது. நீங்கள் சுறுசுறுப்புக் குறைந்தவர் இல்லை. மூன்று வளர்ந்த ஆட்கள் இருக்கும் வீட்டை ஒரு ஆள், அதுவும் முழுநேரம் படிக்கிற ஆள், தூக்கிக்கொண்டு நிற்கிறார். அதுதான் இங்கே பிரச்சினை. வேலை குறைய வேண்டும், மிஞ்சுவது பிரிய வேண்டும்.

எதை விடலாம்

முற்றத்தில் இருந்து தொடங்குவோம். நீங்கள் கூட்டியதை மாமி திருப்பிக் கூட்டுகிறார் என்றால், பிறகு நீங்கள் ஏன் கூட்டுகிறீர்கள்? ஒரே முற்றம் ஒரே விடியலில் இரண்டு தரம் கூட்டுப்படுகிறது. மாமிக்கு முற்றம் தன் கையால் கூட்டினால்தான் மனம் ஆறும்போல் இருக்கிறது, அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள். குனியாமல் கூட்ட நீளத் தடி போட்ட விளக்குமாறு ஒன்று வாங்கிக் கொடுத்தால் முழங்காலுக்கும் நல்லது. சருகு குவிந்தால் பாம்பு பூச்சி வரும் என்பதால் முற்றத்தை அப்படியே விடச் சொல்லவில்லை. நீங்கள்தான் கூட்ட வேண்டும் என்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது பகல் சாப்பாடு. சோறும் மூன்று கறியும் என்பது வீட்டிலிருந்து சுடச்சுடச் சாப்பிடுகிற ஆட்களுடைய ஒழுங்கு. நீங்கள் விடிய ஐந்தரைக்குக் கட்டியதை ஒரு மணிக்குத் திறக்கிறீர்கள். வன்னி வெயிலில் ஏழு எட்டு மணித்தியாலம் கிடந்தால் தேங்காய்ப்பால் விட்ட கறி பழுதாகத் தொடங்கிவிடும். சூடு ஆற முதல் இறுக்கி மூடினால் இன்னும் கெதியாக. கணவர் சில நாள் சாப்பாட்டை மிச்சம் கொண்டுவருகிறார் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள், காரணம் உங்கள் கைப்பக்குவமாக இருக்கத் தேவையில்லை. கட்டுகிற சாப்பாட்டுக்குப் பால்கறி வேண்டாம். ஒரு நாள் பால் விடாத பருப்பும் முட்டைப் பொரியலும், இன்னொரு நாள் புளி விட்ட மீனும் ஒரு வறையும், கருவாட்டுப் பொரியலும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் ஒரு நாள். இரண்டு போதும். தேங்காய் துருவி, பால் பிழிந்து, அந்தப் பாத்திரங்களைக் கழுவுகிற நேரமும் மிஞ்சும்.

காலையில் புட்டும் இடியப்பமும் ஒவ்வொரு நாளும் தேவையா? அவித்த கடலை, பயறு, வாழைப்பழம், இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழஞ்சோறு, சில நாள் பாணும் சம்பலும். வன்னியில் வயலுக்குப் போனவர்கள் பழஞ்சோறும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சாப்பிட்டுவிட்டுத்தான் பகல் முழுக்க வேலை செய்தார்கள். புட்டுத்தான் வேண்டும் என்கிற நாளுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கிழமைக்கான மாவை வறுத்து அரித்து டின்னில் போட்டு வையுங்கள்.

உடுப்பு இரண்டு நாளைக்கு ஒருதரம் தோய்த்தால் ஒன்றும் ஆகாது. கலியாணத்துக்கு வந்த டின்னர் செற் இரண்டையும் பெட்டியில் போட்டுக் கட்டி மேலே ஏற்றுங்கள். ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரு கப், சாப்பிட்ட ஆளே கழுவி வைக்கிறது. அந்த வீடியோக்களை விட்டுவிடுங்கள். கண்ணாடிப் போத்தலில் பருப்புக்கு லேபிள் ஒட்டி அடுக்குகிறவர் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர் இல்லை.

ஊர் நல்லது கெட்டதுகள் பற்றியும் எழுதியிருந்தீர்கள். கலியாணவீடு, சாமத்தியவீடு, அந்தியேட்டி, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். புது மருமகள் முகம் காட்டாவிட்டால் சனம் கதைக்கும் என்ற பயம். என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். செத்தவீட்டுக்குக் கட்டாயம் போங்கள். மற்றவற்றுக்குப் பரீட்சை மாதங்களில் கணவரும் மாமியும் போனால் போதும். "பிள்ளைக்குச் சோதினை" என்று மாமி ஒரு சொல் சொன்னால், எங்கள் சனம் அதை மதிக்கும். படிப்பென்றால் விட்டுக்கொடுக்கிற ஊர்தானே இது.

மாமியும் தறப்பாளும்

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கலியாணமான புதிதில் மாமி, "பகல் சமையலை நான் பாக்கிறன் பிள்ளை, நீ போய்ப் படி" என்றிருக்கிறார். "மருமகள் வந்த பிறகும் மாமி சமைக்கிறதோ" என்று நீங்கள் மறுத்திருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். மாமி உங்களுக்கு எதிராக இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கடிதத்தில் இருக்கிற ஆதாரம் அப்படிக் காட்டவில்லை. வேலை செய்து பழகிய மனுசி, வேலையைக் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. பிறகு முற்றத்தைப் பிடித்துக்கொண்டார். நான் இப்படி ஊகிக்கிறேன், பிழையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

கேட்பதும் இலேசு. "மாமி, முந்தி நீங்கள் பகல் சமைக்கிறன் எண்டு சொன்னனீங்கள். எனக்கு அப்ப வெக்கமாக் கிடந்தது. இப்ப ஏலாமல் இருக்கு, பாக்கிறீங்களோ?" இவ்வளவும் போதும். முழங்கால் நோவுக்கு அடுப்படியில் உயரமான கதிரை ஒன்று போட்டு, காய் வெட்டுவதை மேசையில் வைத்துச் செய்யலாம். தண்ணீர் அள்ளுவதும் விறகு தூக்குவதும் அவருடைய கணக்கில் வரக்கூடாது.

இனி அந்த அறை. பழைய தறப்பாள், ஐஸ்கிறீம் டப்பா, வெறும் போத்தல், கயிறு, சாக்கு என்று ஒரு அறை முழுக்க மாமி சேர்த்து வைத்திருக்கிறார், எறிய விடுகிறார் இல்லை, அதைத் துப்பரவாக்கினால் வீடு பாதி இலேசாகும் என்கிறீர்கள். தங்கச்சி, அந்த அறையில் கை வைக்காதீர்கள். கடைசி யுத்தத்தில் கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்ட சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று இடம் மாறி மாறி முள்ளிவாய்க்கால் மட்டும் போனது. ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டுப் போனது. கடைசியில் மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளும் கூடாரமும்தான் வீடு. அந்த முகாமில் இருந்து கடைசிக் குடும்பங்கள் வெளியேறியது 2012 செப்டெம்பரில். அப்போது உங்களுக்குச் சின்ன வயது, நீங்களும் அப்படி ஒரு தறப்பாளுக்குக் கீழே படுத்திருக்கலாம். கணவனைப் பறிகொடுத்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு தாய் கயிற்றையும் டப்பாவையும் எறியாமல் வைத்திருப்பதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள் தேவைப்படும் என்று அவருக்குத் தெரியும், தேவைப்பட்டும் இருக்கிறது.

அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். உங்கள் அன்றாட வேலையில் அந்த அறை ஒரு நிமிடமும் எடுக்கவில்லை, கண்ணைத்தான் உறுத்துகிறது. அதற்குப் பதிலாகக் குசினியில் ஒரே ஒரு தட்டைக் கேட்டு வாங்குங்கள். விடிய எடுக்கும் சாமான், தூள், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அதில் இருந்தால் அரைக்கண் நித்திரையில் தேடத் தேவையில்லை. மாமி இல்லாத நேரத்தில் அவருடைய ஒரு பொருளையும் எறியாதீர்கள். அப்படிச் செய்த வீடுகளில் பேச்சு வார்த்தை நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

"சொல்லு, செய்யிறன்"

உங்கள் கணவரை நல்லவர் என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். "நான் என்ன மாட்டன் எண்டே சொன்னனான், சொல்லு செய்யிறன்" என்கிறாராம். ஆனால் ஒவ்வொரு வேலையையும் நினைவு வைத்து, நேரம் பார்த்து, முகம் பார்த்துச் சொல்வதற்குப் பதிலாக நீங்களே செய்துவிடுகிறீர்கள். களைப்பு அதிலேதான் கூடுதல். உடம்பு ஓய்ந்தாலும் தலைக்குள் உப்பு முடிந்தது, காஸ் முடியப்போகுது, மாமியின் மருந்து எடுக்க வேண்டும் என்று ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தலைவேலையோடு சேர்த்துச் சில பொறுப்புகளை முழுதாக அவருக்குக் கொடுங்கள்.

உதாரணத்துக்குத் தண்ணீர். இரவு வந்து முகம் கழுவ எப்படியும் கிணற்றடிக்குப் போகிறார். அடுத்த நாளைக்கான குடங்களையும் வாளிகளையும் அப்போதே நிரப்பட்டும். சாமான் வாங்குவதும் அப்படித்தான். கடை டவுனில், சந்தை பக்கத்தில். என்ன முடிந்தது என்று டின்னைத் திறந்து பார்ப்பதும் அவருடைய வேலையாகட்டும். ஒரு கிழமை பருப்பு இல்லாமல் போனால் போகட்டும், நீங்கள் ஓடிப்போய் வாங்காதீர்கள். சீமெந்துத் தூசி படிந்த கடை உடுப்பு அவருடையது, அவரே தோய்க்கலாம். பிறகு ஞாயிறு சமையல். அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று ஓரிடத்தில் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் கொழும்பில் மூன்று வருடம் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி ஆளுக்கொரு நாள் முறை வைத்துச் சமைத்தார்கள் என்கிறீர்கள். தெரியாதவர் மூன்று வருடம் என்ன சாப்பிட்டார்?

இதைக் கதைக்கிற நேரம் முக்கியம். அவர் களைத்து வந்து நிற்கும் எட்டு மணியும் வேண்டாம், சண்டைக்குப் பிறகும் வேண்டாம். ஞாயிறு பின்னேரம், மாமியும் இருக்கும்போது, எனக்கு அனுப்பிய அந்த மணிக்கணக்கையே ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். "நீங்கள் ஒண்டும் செய்யிறேல்லை" என்று தொடங்கினால் அவர் தன் பன்னிரண்டரை மணித்தியாலக் கடை வேலையைச் சொல்வார், அதுவும் நியாயம்தான். தாளைப் பார்த்து மூன்று பேரும் கதைத்தால் யார் கெட்டவர் என்ற கேள்வி வராது. முதல் கிழமைகளில் அவர் செய்கிற வேலை உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி வராது. திருப்பிச் செய்யாதீர்கள். முற்றத்தைத் திருப்பிக் கூட்டுவதைப் பார்க்க எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

காப்பும் வாஷிங் மெஷினும்

சீதனக் காப்பைக் கணவரிடம் கேட்காமல் அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள். தேசவழமை என்கிற எங்கள் வழமைச் சட்டத்துக்கு உட்பட்ட வட மாகாணத் தமிழ்ப் பெண்களுக்கு 1911ஆம் ஆண்டிலிருந்து உள்ள யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டப்படி, நகை போன்ற அசையும் சொத்து உங்களுடைய தனிச்சொத்து. அதைக் கையாளக் கணவரின் சம்மதம் தேவையில்லை. காணி, வீடு என்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். ஆக, உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வாங்கலாமா என்பது வேறு. மெஷினுக்குக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். உங்கள் வீட்டில் வாளியால் அள்ளுகிறீர்கள், மோட்டரும் இல்லை, தாங்கியும் இல்லை. மெஷின் வந்தால் அதற்கும் நீங்கள்தான் தண்ணீர் அள்ளி ஊற்றுவீர்கள். சவர்க்காரம் நுரைக்காத கிணற்றுத் தண்ணீர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியான தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு மெஷினுக்குள்ளும் படியும். செலவழிக்க ஏலுமென்றால் முதலில் ஒரு சின்ன மோட்டரும் தாங்கியும் போடுங்கள். சமையல், பாத்திரம், குளிப்பு எல்லாவற்றுக்கும் அது உதவும், மாமிக்கும் உதவும். அதையும் தவணைக் கடனில் எடுக்காதீர்கள். நுண்கடனால் வன்னிப் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததில்லை. 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்குப் போனது அது. சம்பளத்தில் மாதம் மாதம் சேர்த்து, ஆறு மாதம் பிந்திப் போட்டாலும் பரவாயில்லை.

ஒரு வருடம் நிறுத்துவது

உடம்புக்கு ஏலாமல் போனாலோ பிள்ளை பெறுகிற நேரமோ முறைப்படி எழுதிக் கொடுத்து, அனுமதி எடுத்து, பரீட்சைகளைப் பிற்போட வழி உண்டு. கலியாணம் அதற்குத் தடையும் இல்லை, அதுவே காரணமும் ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் போகாமல் விடுவதுதான் ஆபத்து. 80 வீத வரவு குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். ரிபீட் எழுதி எடுக்கும் பெறுபேறும் பொதுவாக சி தரத்துக்கு மேல் கணக்கில் வராது, வகுப்புச் சித்தியையும் பாதிக்கும். உங்கள் பீடத்துக்கு என்ன விதி என்று கைநூலில் பாருங்கள், இல்லாவிட்டால் பீடத்தின் மாணவர் ஆலோசகரைச் சந்தியுங்கள். வீட்டுக் கதை எல்லாம் அவரிடம் சொல்லத் தேவையில்லை.

நான் நிறுத்த வேண்டாம் என்பேன். ஒரு வருடம் வீட்டில் நின்றால் அந்த ஆறரை மணித்தியாலம் பத்தாக வளரும். எல்லாரும் அதற்குப் பழகுவார்கள், நீங்களும் பழகுவீர்கள். திரும்பிப் போகிற நாளில் அதைக் குறைப்பது இப்போது குறைப்பதைவிடக் கஷ்டம். பரீட்சைக்கு முந்திய லீவுக்கு மட்டும் அறிவியல் நகருக்குக் கிட்ட போர்டிங்கில் இருக்கும் தோழியோடு தங்கிப் படிப்பது நல்ல யோசனை. நீங்களே எழுதிவிட்டு, பிறகு வெட்டியிருக்கிறீர்கள். ஏன் வெட்டினீர்கள்?

"விசேஷம் இல்லையோ" என்ற கேள்வி பற்றிச் சுருக்கமாக. எப்போது என்பதை நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுங்கள். பிரதேசக் குடும்பநல உத்தியோகத்தரிடம் குடும்பத் திட்டமிடல் ஆலோசனையும் முறைகளும் இலவசம். கேட்கிற உறவுக்காரருக்கு மாமியே பதில் சொல்லட்டும், அவருக்கு அது வரும்.

பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வருகிறது என்பதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. நித்திரை கூடி இரண்டு மூன்று கிழமை ஆகியும் அது நிற்காவிட்டால் கிளிநொச்சி வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கிடையில் ஆரோடாவது கதைக்க வேண்டும்போல் இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. அந்த இரண்டு ரிபீட் பாடங்களுக்கும் விண்ணப்பிக்கும் கடைசித் திகதி எப்போது என்று நாளைக்கே பீட அலுவலகத்தில் கேளுங்கள். மணிக்கணக்கு எழுதும் தாளில் அந்தத் திகதியையும் மேலே எழுதிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள்.